காலை வணக்கங்களை அழித்த கை

நலம் நிலைக்க, நீர் வழி தவறாது நடக்க. செவ்வல் ஆற்றின் தலைவாயில் முதல் உப்பங்கழி ஓரத்துக் கடைசி மதகு வரை குடைநிழல் விரித்தவரும், ஐந்நாட்டு ஆற்றவையில் முதலிருக்கை உடையவரும், வெள்ளப் பேராண்டில் தாம் ஏறிவந்த தேரையே உடைப்பில் தள்ளிக் கரைகாத்தவருமாகிய ஆலங்கரை நாட்டு மன்னர் நெடுமுடி விண்ணவரையர், உடல்நலம் வேண்டி எழுந்தருளியிருக்கும் குளிர்பொழில் மலை மாளிகைத் திருவடிகளுக்குத் தலைநகரிலிருந்து நீர்முறை அமைச்சர் எயினங்கோ அனுப்புவிக்கும் ஓலை. தீட்டுபவன் அமைச்சரின் ஓலைநாயகம் தேவன் குடிதாங்கி. மலைக்காற்று மன்னவரின் மூச்சை இலேசாக்குக; மருத்துவர் கொடுக்கும் கசாயத்தின் கசப்பு நாளுக்கு நாள் குறைக.

விண்ணப்பம் ஒரு குற்றத்தைப் பற்றியது. சுற்றி வளைத்தால் அமைச்சர் கோபிப்பார். நேரே சொல்லலாமென்றால் தீட்டுபவனுக்குத் துணிவு போதவில்லை. ஆகவே நடந்தது நடந்தபடி, நாள்வரிசையில், எதையும் மறைக்காமல் சொல்லப்படுகிறது. வாசிப்போர் இடையில் நிறுத்தாமல் கடைசி வரி வரை மன்னவர் திருச்செவியில் ஏற்றும்படி வேண்டப்படுகிறது.

அமைச்சர் இல்லத்துக் கணினி மன்னவர் பதினோராண்டுகளுக்கு முன் தம் திருக்கையால் அருளியது. அதன் இரைச்சல் அரண்மனைக்கு ஆகாது என்று மூத்தோர் மறுத்தபடியால் அமைச்சர் வீட்டுக் கூடத்தில் அமர்த்தப்பட்டது. ஆற்றவைக்கு நாடு அனுப்பும் நீர்க்கோரிக்கை அதிலேதான். அமைச்சரின் மனைவியார் பூங்கொற்றி அம்மையின் கோலப் படங்கள் அதிலேதான். பேரப்பிள்ளைகளின் பந்தய விளையாட்டும் அதிலேதான். நாள்தோறும் விடியலில் மன்னவர் மலையிலிருந்து அதிகாரிகள் அனைவருக்கும் அனுப்பியருளும் காலை வணக்கமும், ஒரு பூவும் திருமுகமும் திருவாய்மொழியுமாக அசையும் படமாய், அதிலேதான் வந்து இறங்கும். மன்னவர் பேசலாம், குடிகள் ஓலையிலன்றி வேறு வழியில் மறுமொழி சொல்லலாகாது என்ற முறையும், மன்னவர் திருநாமம் தாங்கிய எதையும் அழிக்கலாகாது என்ற முறையும் நாடறிந்தவை. அழித்த கை மூன்றாண்டுகள் முத்திரையோ எழுத்தாணியோ தொழிற்கருவியோ தொடக்கூடாது என்பதே தண்டம்.

இந்தக் கணினி சில ஆண்டுகளாகவே நத்தையாகிவிட்டது. காலையில் விசையைத் தட்டிவிட்டுக் குளித்துப் பூசையும் முடித்து வந்தால், திரையில் அந்தச் சிறு வளையம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அமைச்சர் அதன் முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பதே வீட்டாருக்குப் பழகிப்போன காட்சி.

சென்ற பூவில், அதாவது சென்ற சாகுபடிப் பருவத்தில், இதனால் நேர்ந்த கேட்டை ஓலைகள் மென்று விழுங்கியே சொல்லியிருக்கும். இங்கே வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. குறித்த நாளில் கதிர் எழுந்தது முதல் உச்சிப்பொழுது வரை கோரிக்கையை ஏற்பது ஆற்றவையின் வழக்கம். உச்சி கடந்து வருவோருக்கு மற்ற நான்கு நாடுகளும் பாய்ச்சி முடித்தபின், நாற்பது நாள் கழித்தே மடை திறக்கும். சென்ற முறை நம் கோரிக்கை பாதி ஏறியும் ஏறாமலும் நிற்க, உச்சி கடந்தது. கடைமடை ஊர்கள் பதினெட்டிலும் நாற்றங்கால் கருகியது. அமைச்சர் அங்கே போய் நின்றபோது யாரேனும் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும். அவர்களோ வெயிலில் வந்தவருக்கு மோர் கொடுத்தார்கள். அன்று முதல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை என்று பூங்கொற்றி அம்மை பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இந்தப் பூவுக்குக் குறித்த நாள் வளர்பிறைப் பத்தாம் நாள் என்று அறிவிப்பு வந்தது. ஏழாம் நாள் காலையில் அமைச்சர் ஒத்திகையாகக் கோரிக்கைப் படிவத்தைத் திறந்து பார்த்தார். முதல் பக்கம் தெரிய மூன்று நாழிகை ஆயிற்று. இப்படியே போனால் பத்தாம் நாள் மாலைதான் முடியும் என்று அவர் கணக்கிட்டுப் பார்த்தார். உடனே பழுதுபார்ப்போர் தெருவுக்கு ஆள் போய், பொன்னாளி என்பவளை மறுநாளுக்கு அழைத்துவிட்டு வந்தான். முப்பது வயதுக்காரி, சுருக்கமாகப் பேசுபவள், அமைச்சர் வீடென்று அஞ்சவுமில்லை, அலட்டவுமில்லை.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை அவள் வந்து கணினியைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டாள். மன்னவர் தந்த பொருளாயிற்றே என்று பூங்கொற்றி அம்மை அதற்குப் பட்டுப் பரிவட்டம் கட்டி, வெள்ளிதோறும் சந்தனம் அப்பி, சாம்பிராணிப் புகையும் காட்டி வந்திருந்தார். பட்டு அதன் மூச்சுத் துளைகளை முழுக்க மூடியிருந்தது. உள்ளே சுழலவேண்டிய விசிறி புகைக்கரியும் சந்தனப் பொடியும் ஏறி அசையாமல் கிடந்தது. சூடேறினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இது பதினோராண்டாக வெந்துகொண்டிருக்கிறது என்று பொன்னாளி விளக்கினாள். அம்மைக்கு முகம் சிறுத்துவிட்டது. மரியாதை செய்ததா குற்றம் என்று முணுமுணுத்துக்கொண்டே பட்டைத் தம் கையால் அவிழ்த்தார்.

துடைக்கும்முன் கணினியை அணைக்கவேண்டும் என்றாள் பொன்னாளி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அணை என்ற சொல்லை வீட்டுக்குள் சொல்லாதே என்று அம்மை அதட்டினார். விசாரித்தபோதுதான் வெளிப்பட்டது: அருளப்பட்ட நாள் முதல் இன்றுவரை அந்தக் கணினி ஒருமுறையும் அணைக்கப்பட்டதில்லை, இரவில் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டுக் காலையில் எடுப்பார்களாம், அவ்வளவுதான். விளக்கைக் குளிரவைப்பதுபோல இதையும் குளிரவைக்கிறேன், போதுமா அம்மா என்று பொன்னாளி கேட்க, அந்தச் சொல்லுக்கு அம்மை தலையசைத்தார். கணினி குளிர்ந்தது; கரி துடைக்கப்பட்டது; மறுபடி ஏற்றியபோது மூன்று நாழிகை இரண்டாகக் குறைந்தது. அமைச்சருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் இரண்டு நாழிகையும் அதிகமே.

ஒன்பதாம் நாள் அவள் உள்ளே புகுந்து பார்த்தாள். கணினி விழிக்கும்போதே தாமும் கூடவே எழுந்து நிற்கவேண்டும் என்று முப்பத்தாறு நிரல்கள் அனுமதி வாங்கி வைத்திருந்தன. கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்துவது அமைச்சரின் இரக்க குணம். அவற்றில் நான்கை விட்டுவிட்டு மற்றவற்றை, அழைத்தால் மட்டும் வரட்டும் என்று உட்காரவைத்தாள். கிருமி புகாமல் காக்கும் காவல் நிரல்கள் இரண்டு இருந்தன. ஒன்று தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று அமைச்சர் இரண்டாவதையும் அமர்த்தியிருந்தாராம். அவை இரண்டும் ஒன்றையொன்று திருடனென்று எண்ணிப் பகலெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றுக்கு விடை கொடுக்கப்பட்டது.

இவ்வளவும் செய்தபின் கணினியின் நினைவு வட்டில் இடமில்லை என்ற பேச்சு வந்தது. கோரிக்கையோடு நாட்டு நிலவரைபடம் ஏற்றவேண்டும். அதை வைக்கவும் கணினி புழங்கவும் வெற்றிடம் வேண்டும். வீட்டுப் பொருளை ஒழித்தால் மட்டுமட்டாகப் போதும் என்றாள் பொன்னாளி. பேரப்பிள்ளைகளின் விளையாட்டு போயிற்று. கோலப் படங்கள் போயின. கடைசியில் மகளின் திருமணப் படம் நின்றது. அமைச்சர் அதைத் தொட மனமின்றி எழுந்து போய்ச் சாளரத்தருகே நின்றுவிட்டார். பூங்கொற்றி அம்மைதான் வந்து முடித்துவைத்தார். அவர் சொல் சொன்னபடியே எழுதப்படுகிறது: “நம்ம வீட்டுக் கல்யாணம் நம்ம கண்ணுல இருக்கு. அழிச்சிரும்மா.” சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி புடைக்கத் தொடங்கினார், வெகுநேரம் புடைத்தார். படிவம் கால் நாழிகையில் திறந்தது, வரைபடத்துக்கும் இடம் இருந்தது. அன்று அமைச்சர் இரண்டு கவளம் உண்டார்.

பத்தாம் நாள் விடிந்தது. விடியலோடு மன்னவரின் காலை வணக்கமும் வந்து இறங்கியது. அன்று அது வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கிடந்த வெற்றிடம் அத்தனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. வழக்கப்படி எல்லாரும் அதன் பெயரைப் பார்த்துக் கைகூப்பினார்கள். பிறகு வரைபடத்தை ஏற்ற முயன்றபோது, இடமில்லை என்று கணினி கைவிரித்தது. அமைச்சர் மறுபடி முயன்றார். மறுபடியும் அதே சொல். பழைய வளையமும் சுற்றத் தொடங்கிவிட்டது. அவர் முகத்திலிருந்து வேர்வை விசைப்பலகையின் மேல் சொட்டியது என்பதைத் தீட்டுபவன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று அமைச்சர் கேட்டார். பொன்னாளி திரையைக் காட்டினாள். பதினோராண்டில் சேர்ந்த காலை வணக்கங்கள், நாலாயிரத்துப் பதினேழு. மன்னவர் பொறுத்தருளவேண்டும், இதை எழுத வேறு வழியில்லை. தொடக்கத்தில் அவற்றை எல்லாரும் விரும்பிப் பார்த்தார்கள். கணினி மந்தமாகி ஒரு வணக்கம் திறக்கவே அரை நாழிகை பிடிக்கத் தொடங்கிய பின், வந்ததும் கும்பிட்டுவிட்டு அடுக்கிவைப்பதே வழக்கமாயிற்று. பார்க்காமலே அடுக்கினார்கள். மற்ற அதிகாரிகளின் வீடுகளிலும் இதே கதைதான் என்பதைத் தீட்டுபவன் அறிவான்.

இன்று வந்த ஒன்றை மட்டும் எடுத்தால் போதாதா என்று அமைச்சர் கேட்டார். ஒன்றை எடுத்தால் வரைபடம் நுழையும், ஆனால் தவறிப்போன இரு முயற்சிகளின் மிச்சமும் உள்ளே அடைத்துக்கொண்டிருப்பதால் கணினி மூச்சுமுட்டியே நடக்கும், ஏறி முடிய மாலையாகும் என்றாள் அவள். எல்லாவற்றையும் பெயர்த்து வைக்கத் தன்னிடம் ஒரு சிறு பெட்டி இருப்பதாகச் சொல்லி அதை இணைத்தும் பார்த்தாள். பழையது முதல் வரிசையாகப் பெயர்ந்தன. உச்சிக்கு இரண்டு நாழிகை இருக்கும்போது அறுபது மட்டுமே பெயர்ந்திருந்தன; அவை சிறியவை, விட்ட இடம் போதவில்லை. மிச்சம் பெயர மறுநாள் இரவாகும். மலைக்கு ஆளனுப்பி இசைவு பெறலாமென்றால் போக மூன்று நாள், வர மூன்று நாள். 

அப்போது பொன்னாளி சொன்னதும் சொன்னபடியே எழுதப்படுகிறது: “எனக்கு இந்தக் கைதாங்க சோறு. ஆனா கடைமடையில எங்க அக்காளக் குடுத்திருக்கு. நீங்க சொன்னா அழுத்திர்றேன்.”

அமைச்சர் அவளை எழுந்திருக்கச் சொன்னார். தாமே அந்த இருக்கையில் அமர்ந்தார். எது அழிக்கும் விசை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்மேல் தம் வலக்கை விரலை வைத்தார். இவற்றை உண்மையாகவே அழிக்கவா என்று கணினி கேட்டது. அதை அவர் மூன்று முறை படித்தார். அழுத்தினார்.

அதோடு முடிந்திருந்தால் இவ்வோலை சற்றுச் சுருங்கியிருக்கும். வட்டில் இடம் வரவில்லை. அழித்தவை யாவும் குப்பைத் தொட்டிக்குள் போயிருக்கின்றன, அதையும் கொட்டினால்தான் இடம் வரும் என்று பொன்னாளி மெல்லச் சொன்னாள். மன்னவர் திருமுகம் குப்பைத் தொட்டியிலா என்று அமைச்சர் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அது பெயரளவில் தொட்டி, உள்ளே குப்பை ஒன்றுமில்லை என்று அவள் தேற்றினாள். அதன் பெயரையாவது மாற்றிவிட்டுப் பிறகு செய்யலாமே என்று இவர் தடுமாறினார். உச்சிக்கு ஒன்றரை நாழிகையே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மன்னவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே, இரண்டாம் முறையும் அவர் கையே அழுத்தியது.

பிறகு கணினி ஓடிய ஓட்டம் எவரும் காணாதது. படிவம் கண்ணிமைக்குள் திறந்தது, வரைபடம் ஏறியது, உச்சிக்கு முக்கால் நாழிகை இருக்க, கோரிக்கை முறையாக ஏற்கப்பட்டது, முதல் மடை ஆலங்கரைக்கே என்று ஆற்றவையின் மறுமொழி வந்தது. பூங்கொற்றி அம்மை பொன்னாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். அமைச்சர் மட்டும் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். குற்றத்தை ஒப்பி இரண்டே வரியில் ஓலை எழுது, நாளை விடிந்ததும் ஆள் புறப்படட்டும் என்று கட்டளையிட்டார். இரண்டு வரி எழுதப்பட்டது. அது போகவில்லை. போகாத காரணமே இனிச் சொல்லவேண்டியது.

பதினோராம் நாள் விடியலில் மன்னவரின் வணக்கம் வந்தது. வழக்கம்போல எல்லாரும் கைகூப்பினார்கள். ஆனால் கணினி இப்போது பழைய கணினியல்லவே. அம்மையின் விரல் தவறிப் பட்டதற்கே படம் சட்டென்று திறந்துகொண்டது. தட்டு நிறையப் பவழமல்லி. அதன் பின்னால் மன்னவர், நாங்கள் நினைத்திருந்ததைவிட இளைத்து, தோளில் கம்பளி போர்த்து அமர்ந்திருந்தார். காலை வணக்கம் என்றருளினார். பிறகு கொஞ்சம் இருமினார். பிறகு அருளியது இது, மன்னவர் சொல்லை மாற்றாமல் எழுதத் துணிகிறான் தீட்டுபவன்: “கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேந்துதா? ரெண்டு வருசமாத் தெனமும் கேக்குறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே.”

அமைச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பொன்னாளியின் பெட்டியில் தப்பியிருந்த அறுபதையும் கொண்டுவந்து பார்த்தார்கள். அவை முதலாண்டின் வணக்கங்கள், எல்லாரும் முன்பே பார்த்தவை. ரோசாவும் தாமரையும் வாழ்த்துமே இருந்தன. மற்றவற்றில் மன்னவர் என்னென்ன கேட்டார், எத்தனை முறை கேட்டார், யாரைப் பெயர் சொல்லி அழைத்தார் என்பதை அறிய இனி வழியில்லை. கைகூப்பி அடுக்கிவைத்தோம், ஒருநாளும் காது கொடுக்கவில்லை என்று அமைச்சர் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அழித்ததைவிட அதுவே பெரிய குற்றம் என்பது அவர் துணிபு. தீட்டுபவனும் பல நாள் பக்கத்தில் நின்று கைகூப்பியவன். அவனுக்கும் அதில் பங்குண்டு.

தூதன் குதிரைக்குச் சேணம் கட்டியாயிற்று. ஆயினும் அமைச்சர் அவனைப் போகவிடவில்லை. வெறும் கையோடு போகாதே, இரு என்று தடுத்து, தாம் வாசலிலேயே நான்கு நாள் காத்திருந்தார். இன்று முற்பகல், முழங்கால் வரை சேறு அப்பிய ஒருவன் உப்பங்கழிப் பக்கத்திலிருந்து ஓடிவந்தான். அவன் சொன்ன செய்தியைக் கேட்டபின்தான் இவ்வோலை தொடங்கப்பட்டது.

அமைச்சர் முத்திரையின்கீழ் இறுதியாக இடும் கட்டளைகள் பின்வருவன. பொன்னாளி மன்னவருடைய எதையும் அழித்திலள். அவள் கை அவள் தொழிலுக்கே உரியது. இதை எவரும் எக்காலத்தும் வேறாகக் கொள்ளலாகாது. அதிகாரிகள் யாவரும் மன்னவர் காலை வணக்கத்தை அன்றன்றே திறந்து முழுதும் கேட்டு, கேட்கப்பட்டதற்குப் பொழுது சாயுமுன் ஓலையில் மறுமொழி அனுப்பவேண்டும். அதற்குக் கணினி இடங்கொடாதெனில் உடனே பழுதுபார்ப்பிக்கவேண்டும். அழித்த கை நீர்முறை அமைச்சர் எயினங்கோவின் வலக்கை. அதிலிருந்து கழற்றிய மோதிரம் இவ்வோலையில் பதிந்தபின் இதனோடேயே கட்டி அனுப்பப்படுகிறது. இப்படிக்கு, நிறைமதி நாள், நண்பகல் தாண்டி ஒரு நாழிகையில், செவ்வல் ஆறு சான்றாக முத்திரையிடப்பட்டது.

இதன்கீழ் வரும் ஒற்றை வரி குடிதாங்கி எழுதியதன்று. அமைச்சர் எழுத்தாணியை வாங்கித் தம் இடக்கையால் கீறியது. எழுத்து கோணலாயிருப்பதை மன்னவர் பொறுத்தருள்க.

மன்னவரே, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.